அடைப்பது எனக்கு, உருட்டுவது அவனுக்கு

மார்ச் 4, 2014, செவ்வாய்

பாகற்காய் இன்று முற்றல். விதையை நோண்டி எடுப்பதற்குள் கட்டைவிரல் நகம் போய்விட்டது. காய்கறிக்காரன் மட்டும் இளசு விலை சொல்கிறான். பாதியைத் திருப்பி அனுப்பினேன். கத்தரிக்காய் பரவாயில்லை.

பக்கத்துக் கடைக்காரன் தெக் ஹின் மறுபடியும் மீன் கழுவும் வாளியை என் பின்வாசலில் வைத்திருந்தான். எட்டி உதைத்தேன். தண்ணீர் அவன் பக்கமே ஓடியது. சந்தோஷம்.

“ஏய் ஹக்காக்காரி, கண்ணு தெரியலையா?”

“நல்லா தெரியுது. அதான் குறி தப்பல.”

சீனரில் நான் ஹக்கா வகை, அவன் வாயில் அதுதான் என் பெயர். இப்படித்தான் தொடங்கியது நாள். வியாபாரம் சுமார்.

மார்ச் 6, வியாழன்

மதியம் ஒரு பெண் வந்தாள், பக்கத்து அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போலிருந்தது. கழுத்தில் அலுவலக அட்டை. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, “அன்ட்டி, மீன் உருண்டை இல்லையா?” என்றாள்.

“இல்ல.”

“மீன் விழுதத் தோஃபுல அடைக்கிறீங்க, மிளகாயில அடைக்கிறீங்க, வெண்டைக்காயக்கூட விடல. அதையே உருட்டிப் போட்டா உருண்டைதானே?”

பக்கத்துக் கடையைக் கையால் காட்டினேன். அதற்கு மேல் பேச விருப்பமில்லை. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய மதிய உணவு நேரம் போதாது.

அப்போது எனக்கும் தெக் ஹினுக்கும் ஒரே கடை. நான் அலுவலகக் கட்டடங்களில் கழிப்பறை கழுவிச் சேர்த்தது, அவன் மீன் ஏல மண்டபத்தில் பெட்டி தூக்கிச் சேர்த்தது, இரண்டையும் போட்டுத் தொடங்கினோம். மீன் பார்த்து வாங்குவது அவன். உப்புத் தண்ணீரின் அளவு என்னுடையது. உருண்டை நூடுல்ஸும் விற்றோம், அடைத்த தோஃபுவும் விற்றோம். நன்றாகத்தான் போனது. பிறகு பத்திரிகைக்காரன் வந்தான். நான் அன்றைக்கு அடுப்பில் நின்றேன். இவன் வாயில் நின்றான். மறுநாள் படம். கையில் கிண்ணத்தோடு இவன், பல் முழுக்கச் சிரிப்பு. ‘தன் சொந்தப் பக்குவத்தில்’ என்று எழுதியிருந்தது. படத்தில் நானும் இருக்கிறேன். அவன் முழங்கைக்குப் பின்னால், ஒரு காது மட்டும்.

சொந்தப் பக்குவமாம்.

பிரிந்தோம். வாய்ச்சொல்லை நம்பாமல் கோயிலுக்குப் போய், சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்தோம். கத்தியில் இருவர் கையும். அடைப்பது எனக்கு, உருட்டுவது அவனுக்கு. மீறுகிறவருக்குச் சேவலின் கதி. தலையில்லாத சேவலை அவன்தான் எடுத்துப் போனான். என்ன செய்தான் என்று இதுவரை சொல்லவில்லை.

பிறகு இந்த உணவங்காடியைப் புதுப்பித்தார்கள். கடைகளுக்குக் குலுக்கல். இத்தனை கடைகள் இருக்க, என் சீட்டுக்குப் பக்கத்து எண்ணை அவன் கை எடுத்தது. அந்தப் பத்திரிகைப் படத்தைச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டியிருக்கிறான். நாள் முழுக்க என் காதையே நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

மீன்காரனிடம் போனால் முள்ளுவாளை முழுவதையும் தெக் ஹின் எடுத்துப் போய்விட்டானாம். “அக்கா, அவரு செவுளத் தூக்கிப் பாத்தே எந்தப் படகுல வந்ததுன்னு சொல்றாரு. அவருக்கு நான் எப்படி ரெண்டாந்தரத்தத் தர்றது?” என்கிறான். அப்படியென்றால் எனக்குத் தரலாமா? மஞ்சள்வால் மீனை வைத்து ஒப்பேற்றினேன்.

காலையில் ஒரே நேரத்தில்தான் இரண்டு கடையிலும் விழுது அடிக்கிறோம். வழித்த மீன் சதையில் உப்புத் தண்ணீர் விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கி, பிறகு கையால் அள்ளி அள்ளிப் பேசினில் அறைய வேண்டும். முதலில் சளப் என்று கேட்கும். தண்ணீர் தனி, மீன் தனி. பிறகு தப், தப். பதம் வந்ததும் சத்தம் கனத்து, ஈரமே இல்லாததுபோல விழும். அதற்கு மேல் அடித்தால் கெட்டி. அவன் வேண்டுமென்றே சுவரோரம் வைத்து அடிக்கிறான். என் பக்கத்து அலமாரியில் கிண்ணங்கள் ஆடுகின்றன. நானும் பேசினைச் சுவரோரம் நகர்த்தினேன்.

பாத்திரம் கழுவும் சுவீ லியென் காதைப் பொத்திக்கொண்டு, “ரெண்டு பேருமா செவுத்த இடிச்சுத் திரும்ப ஒரே கடையாக்கப் போறீங்களா?” என்றாள்.

வாய் நீளம். ஆனால் அவளைப்போல் கிண்ணம் தேய்க்க ஆள் கிடைக்காது.

மார்ச் 18, செவ்வாய்

இன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கிண்ணங்கள் ஆடவில்லை. அப்பாடா.

மார்ச் 19, புதன்

இன்றும் இல்லை. ஆனால் கடை திறந்திருக்கிறது. உருண்டையும் விற்கிறான்.

எப்படி?

மார்ச் 20, வியாழன்

சுவீ லியெனை அனுப்பி ஒரு கிண்ணம் வாங்கிவரச் சொன்னேன்.

“உங்களுக்கா? அந்தக் கடையிலயா? மழை வரப்போகுது,” என்றாள்.

“வயித்துக்கில்ல. கண்ணுக்கு.”

பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். எல்லா உருண்டையும் ஒரே அளவு. கடையின் சுவர் ஓடுபோல வெள்ளை. கையால் பிடித்த உருண்டைக்கு ஒரு வால் இருக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிதுங்குவதைக் கரண்டியால் வழிக்கிற இடத்தில், சின்னதாக. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அது வரும். இதில் ஒன்றுக்குக்கூட வால் இல்லை. கடித்தேன். ரப்பர். மீன் வாசம் எங்கேயோ தூரத்தில்.

தொழிற்சாலைச் சரக்கு!

கடைப் பலகையில் ‘கையால் செய்தது’ என்று என் பாத்திரத்தைவிடப் பெரிய எழுத்து. சொந்தப் பக்குவக்காரன்! சுவீ லியென் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு, “அவ்ளோ மோசமில்ல,” என்றாள். அவளுக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதிய நேரம், அவன் கடை வரிசை தூண் தாண்டி நின்றது. டாக்சி ஓட்டும் ஆ லோக் அவனிடம் நூடுல்ஸ் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல என் கடைக்குத் தோஃபு வாங்க வந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்:

“லோக்கு, உன் கிண்ணத்துல இருக்கிற உருண்டைக்கு வாலைக் காணோமே, எங்க போச்சு?”

“என்ன வாலு?”

“போய்ப் பாரு. கையால புடிச்சதுன்னா வால் இருக்கும். மிஷின்ல வந்ததுக்குத்தான் இருக்காது.”

அவன் மேசைக்குப் போய்க் கரண்டியால் உருட்டி உருட்டிப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரனும் தன் கிண்ணத்தைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தெக் ஹின் வெளியே வந்தான். இடது கையில் நூடுல்ஸ் வடிகட்டும் கூடை. அவன் வலக்கைக்காரன், அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

“தவுக்கே, அன்ட்டி சொல்றது நெசமா?” என்று லோக் முதலாளியைக் கேட்டான்.

அவன் இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “வாய மூடு,” என்றான். அவ்வளவுதான். இவனாவது இரண்டு வார்த்தையோடு நிறுத்துவதாவது. வரிசையிலிருந்து ஒருவர் நகர்ந்தார், இன்னொருவர், பிறகு ஒரு குடும்பமே.

நான் பொய் சொல்லவில்லை. பலகையை எழுதியது நானா?

மார்ச் 29, சனி

அவன் கடையில் இன்று ஈ ஓட்டுகிறான். மதியம் ஒரு மணிக்கு ஈ! நான் இரண்டு தட்டுத் தோஃபு கூடுதலாகவே அடைத்து வைத்தேன். அங்கே போகிறவர்கள் இங்கேதானே வரவேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

தோஃபு மீந்துவிட்டது. மிளகாயும். பள்ளித் தேர்வோ என்னவோ. மழை வேறு.

ஏப்ரல் 5, சனி

சிங் மிங், முன்னோர் கல்லறைக்குப் போகிற நாள். கடைக்கு விடுமுறை. அப்பா கல்லறையில் புல் வெட்டி, அடைத்த தோஃபுவும் ஆரஞ்சும் வைத்தேன். தெக் ஹினைப் பற்றி அப்பாவிடம் முழுப் புகாரும் சொன்னேன். அப்பா எப்போதும்போல எதிர்த்துப் பேசவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மறுபடியும் மீந்தது. வெண்டைக்காய் நிறம் மாறிப்போய்க் கொட்டினேன். மழை இல்லை. தேர்வும் முடிந்தது.

ஆ லோக் எதிரேயுள்ள வாத்துச் சோற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏன்டா, என் கடை கண்ணுக்குத் தெரியலையா?”

“அன்ட்டி, கோவிச்சுக்காத. உன் தோஃபு நல்ல தோஃபு. ஆனா அதுவே சாப்பாடாயிடுமா? அவன் நூடுல்ஸு, காரமா, வினிகர் போட்டு. அது கூட உன் தோஃபு. அதுக்குத்தான் தோ பாயோவுலேருந்து வண்டிய ஓட்டிட்டு வருவேன். இப்ப நூடுல்ஸ் இல்ல. வெறும் தோஃபுவத் தின்னுட்டு நான் என்ன, சாமியாராவா போறேன்?”

“எங்கிட்டயும் சேமியா இருக்கு.”

“இருக்கு,” என்றான். ‘இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, கடன்காரன்.

ஒரு மணி நேரம் கடை முன்னால் நின்று யோசித்தேன். கண்ணை மூடினால் தெரிகிறது. அவன் கிண்ணம் மேசையில் இருக்கும். பக்கத்தில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டு என்னிடம் வருவார்கள். எல்லாரும் அப்படித்தான். இத்தனை வருடம் என் வரிசை என்று நினைத்தது அவன் வரிசையின் வால்.

இது தெரியாமலா வியாபாரம் பண்ணினேன்? எனக்கு என்மேலேயே ஆத்திரம். தப்பு செய்தேன் என்பதால் இல்லை. கணக்குத் தப்பியது என்பதால்.

ஏப்ரல் 12, சனி

இறுக்கமான சட்டை போட்ட ஒருவன் அளவு நாடாவோடு வந்து தெக் ஹின் கடை முகப்பை அளந்தான். கேட்டால், பொரித்த கோழிக்காரன். நாலைந்து இடத்தில் கடை வைத்திருக்கிறானாம். தெக் ஹின் மாத முடிவில் கடையை விடப்போகிறானாம். விட்டதும் அதை எடுக்கக் கோழிக்காரன் பார்க்கிறான்.

“அன்ட்டி, உங்க கடையும் நல்ல இடம். நீங்க எப்ப ஓய்வெடுக்கப் போறீங்க?” என்று என்னிடமே கேட்டான்.

“உன் எண்ணெய்ப் புகையில நான் செத்ததும்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே என் முகப்பையும் அளந்தான். நாய்!

பொரித்த கோழி வாங்குகிறவன் தோஃபு வாங்குவானா? மாட்டான். இனிப்புத் தண்ணீர் வாங்குவான். ஆறு மாதம் தாங்குவேன். அதற்கு மேல்? திரும்பக் கழிப்பறை கழுவவா, இந்த முழங்காலோடு?

ஏப்ரல் 15, செவ்வாய்

இதை முழுதாக எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு அவன் வேறு மாதிரி சொல்லுவான்.

கடை மூடும் நேரம். அவன் பின்வாசலில் சாக்கடையோரம் உட்கார்ந்திருந்தான். வலக்கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் போனேன்.

“கைக்கு என்ன?”

“உனக்கென்ன?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.”

தோள். மீன் பெட்டியைத் தூக்கும்போது உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதாம். தோளுக்கு மேல் கை போகாதாம், ஓங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். எப்போது? மார்ச் பதினேழு.

“அன்னிக்கு லோக்கு கேட்டப்பவே சொல்றதுக்கென்ன? வாயில மீன் உருண்டையா வச்சிருந்தே?”

“உன் முன்னாடி சொல்லணுமா? நீ கைதட்டவா?”

தட்டியிருப்பேன். அதனால் பேச்சை மாற்றினேன்.

“ஆள் வச்சு அடிக்கிறதுதானே?”

“வச்சேன். அன்னிக்கு ராத்திரியே, எங்க வீட்டுல, மூணு பேரு. ஒருத்தன் கூழாக்கினான், ஒருத்தன் கல்லாக்கினான், ஒருத்தன் பேசினையே ஒடச்சான். அப்புறந்தான் பாக்கெட் வாங்கினேன். போதுமா? இன்னும் நாலு பேரக் கூப்புட்டுச் சொல்லேன்.”

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் வாளிதான்.

“நான் அடிக்கிறேன்,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் விஷம் கலக்கிக் கொண்டுவந்த மாதிரி. “சேவல மறந்துட்டியா? நீ உருட்டினா சாமி உன் தலைய எடுக்கும். எடுத்தா எனக்கு நல்லதுதான். ஆனா பழி எம்மேல வரும்.”

“நான் எதுக்குடா உருட்டறேன்? அடிக்கிறதுதான் என் வேல. விழுதப் பேசினோட உங்கிட்டத் தந்துருவேன். விரல் நல்லாத்தானே இருக்கு? உக்காந்து புடி. உருட்டறது அப்பவும் உனக்குத்தான். அடிக்கிறதப் பத்திக் கோயில்ல யாரும் ஒண்ணும் சொல்லல.”

சாக்கடையைப் பார்த்தபடி அவன் உதடு அசைந்தது. மனதுக்குள் சத்தியத்தை ஒருமுறை முழுக்கச் சொல்லிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. நானும் நேற்று ராத்திரி அதையேதான் செய்தேன்.

“உன் கை சூடு,” என்றான் கடைசியில். “விழுது கெட்டுரும்.”

“ஐஸ்ல வச்சுட்டு அடிப்பேன். இத்தன வருஷம் என் தோஃபு கெட்டுப் போச்சா?”

“அதுல மிளகா வாசன மறைச்சுரும்.”

செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது. அடக்கிக்கொண்டு என் நிபந்தனைகளைச் சொன்னேன். ஒன்று, இரண்டு கடைக்கும் மீன் அவன் வாங்கவேண்டும், ஒரே தரம், முள்ளுவாளை வந்தால் ஆளுக்குப் பாதி. இன்னொன்று, பாக்கெட் சரக்கை மதிய வரிசைக்கு முன்னால் எல்லாரும் பார்க்கக் குப்பையில் கொட்டவேண்டும். அப்புறம் அந்தப் படம்.

“எந்தப் படம்?” என்றான், பச்சைக் குழந்தை மாதிரி.

“என் காது இருக்கிற படம்.”

“அத எடுக்க முடியாது.”

“அப்ப கோழிக்காரன்கிட்டக் குடு கடைய. எனக்கென்ன.”

எழுந்து வந்துவிட்டேன். கதவுவரை வந்து, ஆறு வருடமாகக் கேட்க நினைத்ததைத் திரும்பிக் கேட்டேன்:

“அந்தச் சேவல என்ன பண்ணே?”

“கஞ்சி வச்சேன்,” என்றான். “நார்நாரா இருந்துச்சு.”

ஏப்ரல் 16, புதன்

பதில் இல்லை. படம் அங்கேயே இருக்கிறது. நான் போய்க் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 19, சனி

கோழிக்காரன் மறுபடி வந்தான். இந்தமுறை புகைக்குழாய் போடுகிறவனையும் கூட்டிவந்தான். தெக் ஹின் அவனிடம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தும் கேட்கவில்லை. வைத்தேன்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் கடைக்கு வந்தால் என் பின்வாசலில் ஐஸ் பெட்டி. உள்ளே முள்ளுவாளை, கண் பளிங்கு மாதிரி. இரண்டு கடைக்கும் போதும். இப்படி மீன் என் கைக்கு வந்து எத்தனை நாளாயிற்று!

வெளியே போய்ப் பார்த்தேன். படம் இருந்த இடத்தில் காலண்டர். அதில் கூடைக்குள் நாய்க்குட்டிப் படம். பார்க்கச் சகிக்கவில்லை.

“எதுக்கு முறைக்கிறே? எடுத்துட்டேன்ல?”

“எங்க வச்சிருக்கே?”

“என் வீட்டுல. அங்கயும் வந்து எடுப்பியா?”

கையை ஐஸில் வைத்து, எலும்பு வலிக்கும்வரை காத்திருந்து, அடித்தேன். இரண்டு பேசின். பேசினைப் பின்வாசல் வழியாகக் கொடுத்தேன். ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்துத் துப்பினான்.

“உப்பு தூக்கல்.”

“உன் நாக்கு செத்துப்போச்சு. பாக்கெட் சரக்குத் தின்னுத் தின்னு.”

பதினொன்றரைக்குப் பாக்கெட் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கொட்டினான், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு. நாலு பேர்தான் பார்த்தார்கள். அந்த நாலு பேரும் சொல்லுவார்கள். கெட்ட சேதியை நான் சொன்னபோது அதற்கும் நாலு பேர்தான் போதுமாக இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

கோழிக்காரன் வேறு இடத்தில் கடை எடுத்துவிட்டானாம். அங்கே யார் தலையில் புகை விடப்போகிறானோ.

மே 3, சனி

ஆ லோக் வந்தான். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கே.

“அன்ட்டி! வால் வந்துருச்சு!”

“எனக்கெதுக்குக் காட்டறே? நானா வித்தேன்?”

“தோளு போயிருச்சுன்னு சொல்றாங்க. அப்ப இது யாரு கை?”

தெக் ஹின் நூடுல்ஸ் வடிப்பதை நிறுத்தினான். நான் தோஃபு வெட்டுவதை நிறுத்தவில்லை. “பலகையில என்ன எழுதியிருக்கு? கையால செஞ்சதுன்னுதானே? யாரு கைன்னு எழுதியிருக்கா?” என்றேன்.

லோக் இரண்டு கடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோஃபு நாலு, பாகற்காய் ஒன்று என்றான்.

மே 13, செவ்வாய்

வரிசை மறுபடி தூண்வரைக்கும். என் தட்டு ஒரு மணிக்கே காலி. வாளி மறுபடி என் பின்வாசலில். உதைத்தேன். பதிலுக்கு என் காய்கறிக் குப்பைப் பையைச் சாக்கடையோரம் நகர்த்தியிருக்கிறான். நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

மே 20, செவ்வாய்

இன்று காலை இரண்டாவது பேசின். முள்ளுவாளை. கை ஐஸில் மரத்துப்போயிருந்தது. சளப் போய், தப் வந்து, சத்தம் கனக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் என்று கையை ஓங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் இரண்டு தட்டு.

போதும் என்கிறான்.

விழுதைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் இத்தனை வருடமும் அவனும் அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இன்னும் மூன்று அடி அடித்தேன், சுவர் அதிரும்படி. அவன் சொல்லியா நான் நிறுத்தவேண்டும்?